மலையணில் காட்டிய வழி

வேங்கைமலை அடிவாரத்தில் செம்பன் என்று ஒரு மலையணில் இருந்தது. நீளமான வால், அதைவிட நீளமான வாய்! "இந்த மலையில எனக்குத் தெரியாத இடமே கிடையாது. உச்சிப் பாறைக்கு நூறு தடவை போயிருக்கேன்!" என்று வருகிற போகிற பிராணிகளிடமெல்லாம் அளக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, அது பொய்யில்லை. ஆனால் நூறு தடவையும் கிளைக்குக் கிளை தாவித்தான் போயிருந்தது. தரையில் நடக்கிறவர்கள் என்றாலே அதற்கு இளக்காரம். கீழே புதரில் குடியிருந்த முள்ளம்பன்றியின் தலையில் பழக்கொட்டையைப் போட்டுவிட்டு, "மண்ணாந்தை!" என்று கேலி செய்யும்.

ஒருநாள் காலையில் வெள்ளாயி என்ற கழுதை அங்கே வந்து நின்றது. கூடாரம் போடுவதற்கென்று முதுகில் ஒரு கிழிந்த போர்வையும் வைத்திருந்தது.

"தம்பி, உச்சிப் பாறைக்கு உனக்கு வழி தெரியுமாமே? என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

"உச்சியில உங்களுக்கு என்னக்கா வேலை?"

"நட்சத்திரம் பார்க்கணும்ப்பா. இங்க வந்து தங்குற ஜனங்களோட துணியை எங்க எசமான்தான் வெளுக்கிறார். உச்சியில படுத்துக்கிட்டு வானத்தைப் பார்த்தா அவ்வளவு நல்லாயிருக்குமாம், அவங்க பேசிக்குவாங்க. எனக்கு ஒரு கண்ணுல பூ விழுந்தாச்சு. இன்னொண்ணும் மங்கிக்கிட்டே வருது. எசமான் காதுகுத்து வீட்டுக்குப் போயிருக்கார், நாளைக்குத் திரும்பிடுவார். அமாவாசையும் இன்னிக்குத்தான். இன்னிக்கு விட்டா எனக்கு இனிமே கிடையாது."

செம்பனுக்கு மனசு இளகிவிட்டது. தரைவழி தெரியாதே என்று ஒரு நொடி தயங்கவும் செய்தது. ஆனால் காடு முழுக்க அளந்த வாய் ஆயிற்றே! தெரியாது என்று சொல்ல வருமா?

"கவலையை விடுங்கக்கா! பொழுது சாயறதுக்குள்ள உச்சியில இருப்பீங்க!"

கிளம்பினார்கள். செம்பன் மேலே கிளையில் ஜம்மென்று தாவிப் போனது. கீழே வெள்ளாயி முட்புதரில் மாட்டிக்கொண்டது.

"தம்பி, இங்க பாதையே காணோமே!"

"இது குறுக்கு வழிக்கா!"

புதரைச் சுற்றினால் வழுக்குப் பாறை. அதைச் சுற்றினால் மூங்கில் காடு. வெள்ளாயியின் முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் செம்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வெள்ளாயியோ, "நீ இருக்கிறதால தைரியமா வர்றேன் தம்பி" என்றது. அப்போதும் செம்பன் உண்மையைச் சொல்லவில்லை, பாவி!

இருட்டத் தொடங்கியபோது எதிரே ஒரு கிடுகிடு பள்ளம் வந்தது. செம்பன் பழக்கதோஷத்தில் ஒரே தாவாகத் தாவி, அக்கரை மரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. வெள்ளாயி விளிம்பில் வந்து நின்றது. காலடியில் சரிந்த கல் கீழே போய் விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"தம்பி, இந்தக் கண்ணுக்கு அக்கரை தெரியலை. நீ சொன்னா தாவிடுறேன். தாவட்டுமா?"

முன்னங்கால் இரண்டையும் தூக்கியே விட்டது!

"ஐயோ, தாவாதீங்க!" என்று செம்பன் அலறியது. "எனக்கு வழி தெரியாதுக்கா! மரத்து மேலதான் எனக்கு மலை தெரியும். தரையில ஒண்ணுமே தெரியாது!"

வெள்ளாயி அப்படியே பின்வாங்கி உட்கார்ந்துவிட்டது.

செம்பன் திரும்பி வந்து மரத்தை விட்டு இறங்கியது. பாதை தேடித் தரையை மோப்பம் பிடித்துக்கொண்டு போனது. ஒரு பாறை இடுக்கில் யாரோ கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் அதே முள்ளம்பன்றி! இருட்டினால் மலையெல்லாம் சுற்றித்தானே அதற்குச் சாப்பாடு.

"அடடே, துரை தரைக்கு வந்திருக்காரா?"

"அண்ணே, நான் பண்ணினது தப்புத்தான். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அந்த அக்காவை மட்டும் உச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

முள்ளம்பன்றி செம்பனோடு வந்து கழுதையின் முட்டியைப் பார்த்தது. கேலி நின்றுவிட்டது.

"என் புதருக்குப் பின்னாடியே நல்ல பாதை இருக்கே. காலையில என்னை எழுப்பிக் கேட்டிருந்தா மத்தியானமே சேர்ந்திருக்கலாம். சரி, வாங்க. பாதை வரைக்கும் மெதுவாத்தான் போகணும்."

உச்சியை அடைந்தபோது விடியப்போகும் நேரம். வெள்ளாயி அண்ணாந்து பார்த்தது.

வானம் பூராவும் பொரி இறைத்தது போல் நட்சத்திரம்!

"யம்மாடி! வெளுத்த துணியில ஒரு புள்ளி இருந்தாலே எசமான் கத்துவார். இங்க எத்தனை புள்ளி பாரு!" என்று வெள்ளாயி சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தது. இருட்டினால் கூட்டில் சுருண்டுவிடும் செம்பனும் அன்றுதான் நட்சத்திரம் பார்த்தது.

கொஞ்ச நேரம்தான். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பனி விலகுவதற்குள் விடிந்தும் போயிற்று.

செம்பன் தேம்பித் தேம்பி அழுதது. "ராத்திரி முழுக்கப் பார்த்திருப்பீங்க. என்னாலதான் அக்கா!"

"ஆமாண்டா, உன்னாலதான்" என்றது வெள்ளாயி. பிறகு அதன் தலையை மெல்ல முகர்ந்தது. "ஆனா கடைசியில தாவாதேன்னு சொன்னே பாரு, அதனாலதான் இதையாவது பார்த்தேன்."

தெரியாததைத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் வீம்புக்கு விலை கொடுப்பவர்கள் நம்மை நம்பி வந்தவர்கள்தான்.