ஏட்டின் முதல் வரி

ரொம்ப நாளைக்கு முன்னால் குறும்பாறை நாட்டைக் கோமாறன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவனுக்குத் தோன்றியதையெல்லாம் நாடு தாங்கியது. அரண்மனைக் கல்விச்சாலையில் பத்தே இடம். ஒரு வருஷம் உயரமானவர்களைச் சேர் என்பான், மறு வருஷம் நன்றாகப் பாடுகிறவர்களை என்பான், அப்புறம் சில வருஷம் பரீட்சை என்பான். அதையெல்லாம் நடத்திக் கொடுத்தே மந்திரி சேந்தனாருக்கு அலுத்துப்போயிற்று.

அந்த வருஷம் ராஜா, "பரீட்சை ஏட்டில் யாரும் பெயர் எழுதக் கூடாது. திறமைக்குத்தான் இடம்!" என்றான்.

அட, நல்ல உத்தரவாயிற்றே என்று மந்திரிக்கே ஆச்சரியம். ஏடுகளைத் திருத்தியவர் தலைமைப் பண்டிதர் திருமேனியார். மந்திரி பதவிமேல் வெகுநாளாய் ஒரு கண் அவருக்கு. பத்து இடமும் அவர் குடியிருந்த கோயில் வீதிக்கே போயிற்று.

"பார்த்தீரா மந்திரியாரே! பெயரை மறைத்தும் எங்கள் வீதிதான். வித்தை ரத்தத்தில் ஓடுகிறது" என்றார் பண்டிதர்.

மறுநாள் சுண்ணாம்புச் சூளைக்காரர் மகள் வேம்பாயி மந்திரியைத் தேடி வந்தாள். ஒருவர் மூன்று முறைதான் பரீட்சை எழுதலாம். அவளுக்கு இது மூன்றாவது.

"ஐயா, ரெண்டு தடவை பேரைப் பாத்துத் தள்ளுனாங்க. இந்தத் தடவை எதைப் பாத்துத் தள்ளுனாங்க?"

மந்திரி அவள் ஏட்டை எடுத்துப் பார்த்தார். முதல் வரி, 'சூளைமேட்டு மாடன் துணை.' தேறிய பத்து ஏட்டிலும், கோயில் வீதிக்காரர்கள் கும்பிடும் 'வெள்ளிமலை நாதர் துணை.' குலதெய்வத்தை எழுதாமல் அந்த நாட்டில் யார் ஏட்டைத் தொடங்குவார்கள்? பெயர் கூடாது என்ற உத்தரவை எழுதும்போதுகூட, அதன் தலையில் தம் குலதெய்வத்தை எழுதியவர்தானே மந்திரி! தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் சபையில், "மன்னா, இரண்டு ஏடு பாக்கி. பண்டிதர் இங்கேயே திருத்தட்டும்" என்றார்.

பண்டிதர் முதல் ஏட்டைப் பிரித்தார். "வெள்ளிமலை நாதர் துணை! ஆஹா, வரிக்கு வரி அமுதம்!"

இரண்டாவதில் முதல் வரியைத் தாண்டவே இல்லை. "சூளைமேட்டு மாடனா? சே, ஒரே புகை நாற்றம்! எழுதியவன் மாடு மேய்க்கத்தான் லாயக்கு."

"யார் எழுதியவை?" என்றான் ராஜா.

"அமுதம், வேம்பாயி எழுதியது. புகை நாறுவது, போன வருஷம் பண்டிதரே மாதிரிக்கென்று எழுதிக் கொடுத்த விடை. இரண்டையும் படியெடுத்து, முதல் வரியை மட்டும் மாற்றி வைத்தேன்."

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "உம் தீர்ப்பு உமக்கே, பண்டிதரே!" என்றான் ராஜா. "ஒரு வருஷம் அரண்மனை மாடுகளை மேய்த்து வாரும். வேம்பாயிக்கு இன்றே இடம். மற்ற ஏடுகளை முதல் வரியை நறுக்கிவிட்டு வேறு ஆட்கள் திருத்தட்டும். மந்திரிக்கு முத்துமாலை!"

"மாலை வேண்டாம் மன்னா. அடுத்த வருஷம் ஏட்டை அரண்மனையே கொடுக்கட்டும்."

"ஏன்?"

"பண்டிதரின் மைத்துனர் இப்போதே சந்தனம் வாங்கப் போய்விட்டார். ஏட்டில் பூசினால் மோந்து பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாமே."

கல்விச்சாலையில் முதல் நாள். மந்திரி பார்க்க வந்திருந்தார். வேம்பாயியின் எழுத்தாணி ஏட்டின் தலையில் தயங்கி நின்றது.

"ஐயா, முதல் வரி எழுதலாமா?"

"எழுதும்மா. நீ உள்ளே வந்துட்டே" என்றார் மந்திரி. "மாடன் பாவம், இன்னும் வாசல்லயே நிக்கிறார்."