இதழ் மூடாத சொல்

வடமலையப்பன் நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் மாணவர் ஆனார். அதுவரை அரசுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவர். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஒலியியல் படிக்கச் சேர்ந்தார்.

அந்தப் பாடத்தை நடத்தியவர் பேராசிரியர் எஸ்தர் நவமணி. வடமலையப்பனைவிடப் பத்து வயது இளையவர். பேச்சைப் பற்றி அவ்வளவு படித்தவர், பேசுவது குறைவு.

முதல் வகுப்பில் அவர் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து வடமலையப்பனின் உதட்டுக்கு நேரே தொங்கவிட்டார்.

"தமிழ்ல 'பெண்'ணுன்னு சொல்லுங்க."

சொன்னார். காகிதம் சும்மா இருந்தது.

"இப்ப எழுதுற பேனாவுக்கு இங்கிலீஷ்ல சொல்றது."

"பென்." காகிதம் அப்போதும் சும்மா இருந்தது.

பேராசிரியர் காகிதத்தைத் தன் உதட்டுக்கு முன்னால் பிடித்து அதே சொல்லைச் சொன்னார். உதடு திறந்ததும் உள்ளிருந்து காற்று வெடித்து வந்தது. காகிதம் துடித்தது.

வடமலையப்பன் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமாப் பிள்ளைகளுக்குத் தப்பாவா சொல்லிக் குடுத்திருக்கேன், மேடம்?"

"தமிழ் வாயால சொல்லிக் குடுத்திருக்கீங்க, சார்."

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. பல் எங்கே உதட்டைத் தொடுகிறது, நாக்கின் நுனி எங்கே நிற்கிறது, மூச்சு வாய் வழியாகப் போகிறதா மூக்கு வழியாகப் போகிறதா என்று பார்த்தபடியே இருந்தார். சில மாதங்களில் துறையிலேயே கூர்மையான காது அவருடையது என்று ஆனது. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் பேசுவதைக் கேட்டால் போதும், அவர் நாக்கு போன வழியை அப்படியே கரும்பலகையில் வரைந்துவிடுவார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவர் பேராசிரியரிடம் கேட்டார்.

"இப்பல்லாம் யார் பேசினாலும் எனக்கு நாக்கும் உதடும்தான் தெரியுது, மேடம். படிப்பு சரியான வழியிலதானே போகுது?"

"இன்னிக்குக் காலையில உங்க வீட்டம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

வடமலையப்பன் யோசித்தார். மனைவி செண்பகவல்லி ஒரு பேச்சை முடிக்காமலே அடுத்ததைத் தொடங்குகிறவள். காலையில் நிறையத்தான் பேசினாள். பழம் என்பதை அவள் பளம் என்று சொன்னது நினைவிருந்தது. அந்தப் பழத்தை என்ன செய்யச் சொன்னாள் என்பது நினைவில் இல்லை.

"ழகரம் வரலை அவளுக்கு" என்றார்.

பேராசிரியர் சாக்பீஸைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் மாசியில் செண்பகவல்லி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது.

"பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வரலாம். வராமலும் போகலாம்" என்றார் மருத்துவர். "தினமும் பேச வச்சுப் பாருங்க."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருவர்தான். அதில் ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தவள். வீடு அப்படி ஓய்ந்துபோகும் என்று வடமலையப்பன் நினைத்ததே இல்லை. குக்கர் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. தெருவில் போகிற தயிர்க்காரியின் குரல்கூட அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அவர் மனம் உடைந்து உட்காரவில்லை. துறைக்கு வந்தபோது பேராசிரியரிடம் அவரே சொன்னார்.

"எதுக்கு இந்த வயசுல இதைப் படிக்க வந்தோம்னு இப்பத்தான் தெரியுது, மேடம். ஒரு ஒலி எங்க பிறக்கும், எப்படிப் பிறக்கும்னு எனக்குத் தெரியும். அவ வாயில அதைத் திரும்பப் பிறக்க வச்சிருவேன்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அவளுக்குத்தான் பேச்சே இல்லையே, மேடம்."



காலையிலும் மாலையிலும் அவர் ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்தார். மகரத்தில் தொடங்கினார். குழந்தைகளுக்கும் முதலில் வருவது அதுதான். இரண்டு உதடும் சேர வேண்டும். மூச்சு மூக்கு வழியாக வர வேண்டும். அவ்வளவுதான்.

"உதட்டை மூடு. ம். பாரு, என் வாயைப் பாரு. ம்."

செண்பகவல்லி முயன்றாள். இடப்பக்கம் உதடு சேர்ந்தது. வலப்பக்கம் சேரவில்லை. எச்சில் வழிந்தது. அவர் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் சொன்னார். அவர் கோபப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையிடமும் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

முதலில் அவள் ஆசையோடுதான் செய்தாள். பிறகு, கண்ணாடி அவர் கைக்கு வந்ததுமே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து பேராசிரியர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார்.

செண்பகவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வந்தது. சொல்லென்று அதைச் சொல்ல முடியாது.

"ஆமாம்மா, நடந்துதான் வந்தேன். வெயில் தாங்கலை" என்றார் பேராசிரியர்.

செண்பகவல்லி இடது கையை ஆட்டி இன்னும் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள்.

"அப்படியா? எங்க வீட்டுலயும் அதே கதைதான்."

செண்பகவல்லி சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. விழுந்ததற்குப் பிறகு அவள் சிரித்து வடமலையப்பன் அன்றுதான் பார்த்தார். அவர்கள் இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். வடமலையப்பன் காப்பி போட்டுக்கொண்டு வந்தபோதும் அந்தப் பேச்சு முடிந்திருக்கவில்லை.

வாசல் வரை வந்து அவர் பேராசிரியரிடம் கேட்டார்.

"அவ சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா, மேடம்?"

"பெரும்பாலும் புரியலை."

"பின்ன எப்படிப் பதில் சொன்னீங்க?"

"அவங்க நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. என் முறை வந்துருச்சுன்னு தெரிஞ்சுது."

நல்ல மனுஷி, நோயாளிக்கு ஆறுதலாக நடந்துகொள்கிறார் என்று வடமலையப்பன் நினைத்தார். அது பாடம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மாலையில் மறுபடியும் கண்ணாடியை எடுத்தார்.

வைகாசி பிறப்பதற்கு முன்னால் செண்பகவல்லி இறந்துபோனாள். இரண்டாவது முறை வந்த தாக்குதல், மருத்துவமனை வரை போக விடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வடமலையப்பன் துறைக்கு வந்தார். தலை மழித்திருந்தது. பேராசிரியர் வகுப்பு முடித்துத் தனியாக இருந்தார். மனிதத் தலையைப் பக்கவாட்டில் பிளந்தாற்போல வரைந்த படம் கரும்பலகையில் அழியாமல் இருந்தது. பல், நாக்கு, அண்ணம், தொண்டை.

"உட்காருங்க, சார்."

அவர் உட்காரவில்லை.

"ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிருதேன், மேடம். வேற யார்கிட்டயும் கேக்க முடியாது. கேட்டாலும் புரியாது."

"கேளுங்க."

"அவ போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை வாயைத் திறந்தா. அதுக்கு முன்னால வந்ததெல்லாம் வெறும் சத்தம். இது அப்படி இல்லை. ஒழுங்கா வந்துச்சு. நான் மகரம் சொல்லச் சொல்லிட்டிருந்தேன். அவ என்னைப் பார்த்துட்டு, வேற ஒண்ணு சொன்னா."

அவர் கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தார். படத்தில் இருந்த நாக்கின் மேல் கோடு இழுத்தார்.

"முதல்ல ஒரு நெடில். முன் நாக்கு இவ்வளவு உயரம். உதடு குவியலை. அதுக்கப்புறம் பின் நாக்கு எழுந்து இங்க, மெல்லண்ணத்துல ஒட்டுச்சு. மூச்சு மூக்கு வழியா வந்துச்சு. கடைசியில வாய் லேசாத் திறந்து ஒரு குறில். மூக்குல மூச்சு வந்தது சரிதான். ஆனா உதடு மூடவே இல்லை. மகரத்துக்கு உதடு மூடணும்."

"ம்."

"மகரத்துக்குப் போட்ட முயற்சி எப்படி இந்த இடத்துக்குப் போச்சு? எங்க தப்புச்சு? இன்னும் கொஞ்சநாள் கிடைச்சிருந்தா உதட்டுக்குக் கொண்டு வந்திருப்பேனா? இதுதான் கேள்வி."

பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்தார்.

"அவங்க சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க, சார்?"

"'அது இல்லை, உதட்டை மூடு'ன்னேன். கண்ணாடியைக் கிட்டக் காட்டினேன். திரும்ப ஒரு தடவை அதையேதான் சொன்னா. திரும்பவும் திருத்தினேன். பிறகு கண்ணை மூடிக்கிட்டா."

பேராசிரியர் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார்.

"இந்தக் கேள்வியை விட்டுருங்க, சார். வீட்டுக்குப் போங்க."

"உங்களுக்குத் தெரியுது, மேடம். தெரிஞ்சுட்டு மறைக்கீங்க."

"விட்டுருங்கன்னு சொன்னேனே."

"எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். அதை எப்படி விடுறது?"

பேராசிரியர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"எனக்கு ஒலிகளைச் சொன்னீங்க. அவங்க சொன்ன மாதிரி சொல்லலை. எங்க இழுத்தாங்க, எங்க ஏறுச்சு, எங்க இறங்குச்சு, அதோட சொல்லுங்க. நாக்கை மறந்துட்டு அவங்க குரலை நினைச்சுக்குங்க."

வடமலையப்பன் கண்களை மூடினார். யாருடைய குரலையும் அப்படியே வாயில் கொண்டுவரக் கூடியவர். மெதுவாக மூச்சை இழுத்தார். முதல் நெடிலை இழுத்தார். அது கொஞ்சம் ஏறியது. பிறகு மூக்குக்குள் போய், கடைசியில் தாழ்ந்து முடிந்தது. ஒரு பெண், வேலையாக இருந்த இடத்திலிருந்து, முன்னறையில் இருக்கிறவனை அழைக்கிற இழுப்பு அது.

"ஏங்க..."

தன் வாயிலிருந்து வந்ததை அவர் கேட்டார்.

சாக்பீஸ் அவர் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு முன்வரிசைப் பெஞ்சில் மாணவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

"என்னைத்தான்" என்றார்.

"ஆமா, சார்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான்."

பேராசிரியர் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கா. 'என்ன'ன்னு கேக்கலை நான். என்ன கேக்க வந்தாளோ."

"ஏதாவது கேக்க வந்திருக்கலாம். சும்மாவும் கூப்பிட்டிருக்கலாம்."

வெளியே வராந்தாவில் மாணவர்கள் ஆங்கிலத்தில் ஏதோ உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"ஒரு சொல்லு போதும்னு நினைச்சேன், மேடம்" என்றார் வடமலையப்பன். "அவ வாயில பிழையில்லாம ஒரே ஒரு சொல்லு வந்துட்டாப் போதும்னு நினைச்சேன். அதுக்காகத்தான் அவ்வளவும்."

"வந்துச்சு, சார்" என்றார் பேராசிரியர். "பிழையில்லாமதான் வந்துச்சு."