முதலாளி கேட்ட ஆட்-ஆன்

'கருடன்' பிரவுசரின் முதலாளி சிங்காரவடிவேலுவுக்கு விளம்பரம்தான் சோறு. அதனால் பிரவுசரில் சேர்த்துக்கொண்டால் விளம்பரத்தை மறைக்கும் 'ஆட்-ஆன்' எனும் குட்டி மென்பொருள்களுக்கெல்லாம் தடை போட்டுவிட்டார்.

"ஜனங்க போட்டி பிரவுசருக்கு ஓடுறாங்க சார்," என்றாள் புதிதாகச் சேர்ந்த மதுரவல்லி.

"ஆட்-ஆன் வேணும்னு ஒரே ஒரு ஆளை என் முன்னாடி கெஞ்ச வை, பார்ப்போம். முடியலைன்னா வேலையை விட்டுப் போ!"

"சரி சார். நாளைக்கு நம்ம கம்பெனி விழாவுல உங்க படத்தைக் கருடன்லயே காட்டட்டுமா?"

முதலாளி பூரித்துப்போனார்.

மறுநாள் நிருபர்கள் முன்னால், பெரிய திரையில் அவர் முகம் விரிந்தது. உடனே அவருடைய வழுக்கைத் தலைமேல் முடி வளர்க்கும் தைல விளம்பரம் வந்து உட்கார்ந்தது. மூட மூட இன்னொன்று முளைத்தது. அரங்கமே சிரித்தது.

"அந்த ஆட்-ஆனைப் போட்டுத் தொலைம்மா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்!" என்று மைக்கிலேயே அலறினார்.

மதுரவல்லி மைக்கை வாங்கினாள். "நீங்க கேட்ட ஆள் கிடைச்சிட்டார் சார்."