கோயில் தெருவில் கவிழ்த்த பானை

ராஜாக்கள் மாறுவேடம் போட்டுப் போட்டு அலுத்துப்போய், ஊரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த காலம் அது. ஆழித்துறை என்ற பட்டினத்தில் சோற்றுக்கடைகளைச் சோதிக்க நாகையன் என்று ஒருவனை வைத்திருந்தார்கள்.

கடை சுத்தமாக இருந்தால் வாசலில் மாவிலை கட்டுவான். இல்லாவிட்டால் ஒரு பானையைக் கவிழ்த்து வைப்பான். பானை கவிழ்ந்த கடையில் ஒரு மாதம் அடுப்பு எரியக் கூடாது. அவனுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு, ஊரில் எவர் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது.

அதனால் கல்யாணத்துக்கு அவனை அழைக்க மாட்டார்கள். கருமாதிக்கும் அழைக்க மாட்டார்கள். தெருவில் அவன் தலை தெரிந்தாலே பேச்சு நின்றுவிடும். கட்டுச்சோற்றை உப்பள வரப்பில் உட்கார்ந்து தின்பான். எதிரே ஒரு கொக்கு நிற்கும். அதுவும் மீன் கிடைத்ததும் போய்விடும்.

கோயில் தெருவில் கடை வைத்திருந்த வெள்ளையம்மை மட்டும் அவனைக் கண்டால் அடுப்படியிலிருந்தே கேட்பாள், "சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு" என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காகத் தினமும் சுற்றுவழியில் நடப்பான், பாவம்.

தேரோட்டத்தன்று காலை சோதனைக்குப் போனான். முதல் கடைக்காரன் காலில் விழுந்தான். பானை கவிழ்ந்தது. இரண்டாம் கடைக்காரன் தன் மைத்துனன் அரண்மனையில் இருப்பதாகச் சொன்னான். பானை கவிழ்ந்தது. மூன்றாவது வெள்ளையம்மையின் கடை.

கூட்டுச் சட்டியில் கரண்டியை விட்டுத் தூக்கினான். கூட்டு நூல் விட்டது. நேற்று மிஞ்சிய தேங்காய்க் கூட்டை இன்றையதோடு கலந்திருந்தாள். சோற்றைக் கொட்டக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். தேர் பார்க்க வந்த கூட்டம், கைக்குழந்தைகளோடு, இலை முன்னால் காத்திருந்தது.

"ஊசிப்போச்சும்மா" என்றான்.

"கொட்டினா பாவமில்லையா?"

"போட்டா அதைவிடப் பாவம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "இந்த ஊர்ல உங்ககிட்ட பேசுறவ நான் ஒருத்திதான். எனக்கே பானை வைக்கப் போறீங்களா?"

நாகையன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். மாவிலைக் கட்டு இடுப்பிலேயே இருந்தது. ஆனாலும் பானையைத்தான் எடுத்துக் கவிழ்த்தான்.

பசியோடு எழுந்தவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே மாவிலை கட்டிய வேறு கடைக்குப் போனார்கள். சாப்பிட்டார்கள், தேர் பார்த்தார்கள், நல்லபடியாக ஊர் திரும்பினார்கள். வலிக்காத வயிற்றை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

மாதம் கழிந்து கடை திறந்தது. முதல் நாள் அந்தத் தெருவில் நடந்தான். அவள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், மிஞ்சிய கூட்டை அவள் கழுநீர்த் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்தான். ஊற்றிவிட்டுச் சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். நிமிரவே இல்லை.

யாரும் கேட்காமலே "ஆச்சு" என்று சொல்லிவிட்டு, நாகையன் உப்பளத்துப் பக்கம் நடந்தான்.

ஊரார் உண்ணும் சோற்றுக்குக் காவல் நிற்பவன், தன்னிடம் அன்பாகப் பேசுபவரின் சட்டியையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.