பதினைந்து நாள் திருப்தி

பதிவாளர் அருணகிரிநாதன் அறையில் நாற்காலிகள் உண்டு. ஊழியர்கள் யாரும் அவற்றில் உட்கார்ந்தது கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் குழு வருகிறது என்றதும், பதினொரு வருஷமாகத் தற்காலிக உதவியாளராகவே இருக்கும் செங்கமலத்திடம் ஒரு கட்டுப் படிவத்தை வீசினார்.

"முந்நூறு பேரும் வேலையில 'முழுத் திருப்தி'ன்னு டிக் போடணும். ஒண்ணு குறைஞ்சாலும் நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"பொய்யில்லாமலே வாங்கித் தரேன் சார்."

சாயங்காலம் முந்நூறும் வந்தது. பதிவாளர் டிக்கை மட்டும் பார்த்துப் பூரித்து, 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள், துணைவேந்தரும் உட்கார்ந்திருக்க, குழுத் தலைவி கேட்டார்: "எந்தக் காலத்துக்கான கருத்துன்னு கேட்ட இடத்தில எல்லாருமே மார்ச் ஒண்ணுலேருந்து பதினஞ்சுன்னு எழுதியிருக்காங்களே. அப்படி என்ன செஞ்சீங்க?"

பதிவாளர் அவசரமாகப் படிவங்களைப் புரட்டினார். படிவக் கட்டைக் கொண்டுவந்து ஓரமாக நின்றிருந்த செங்கமலம்தான் பதில் சொன்னாள்.

"அப்ப சார் லீவுங்க. துணைப் பதிவாளர் ஜெசிந்தா மேடம் பொறுப்பில இருந்தாங்க. தூங்கின பதவி உயர்வு ஃபைலெல்லாம் நகர்ந்துது. எங்களை உட்கார வச்சுப் பேசினாங்க."

துணைவேந்தர் பதிவாளர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இன்னும் எத்தனை நாள் லீவு பாக்கி?"

"நூத்தி எண்பது சார்."

"எடுத்துக்குங்க."

அடுத்த மாதம் செங்கமலம் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, ஜெசிந்தாவிடமிருந்து பணி நிரந்தர உத்தரவை வாங்கினாள். கையெழுத்துப் போடும் முன் முழுசாகப் படித்தாள்.