ஏழு பரண்களின் கூப்பாடு

"என் மூக்கு செத்துப்போச்சா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு, தாயி" என்றார் சடையப்பன்.

கேட்டவருக்கு ஐம்பது நெருங்குகிறது. மலையில் கிடைக்கும் வேரையும் பிசினையும் முகர்ந்து பார்த்துத் தரம் சொல்லும் தரகர். கேட்கப்பட்டவளுக்கு அவர் மகள் வயது. மொட்டைத் தலை. பாறைக்கடியில் குடிசை. மலைக்காரர்கள் அவளைக் குரு என்றார்கள். அவள் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"மணம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்புறம் என்ன?"

"எங்க தாத்தாவுக்கு முதல்ல மூக்கு போச்சு. பிறகு கை நடுங்கிச்சு. பிறகு வீட்டுக்கு வழி மறந்தாரு. அப்பாவுக்கும் அதே வரிசை. போன வருஷம் எங்க அண்ணன், கற்பூரம் எரியுறப்ப கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டே, 'ஏன் இன்னும் ஏத்தலை'ன்னு கேட்டாரு."

"நல்ல குடும்பச் சொத்து."

சடையப்பனுக்குச் சுருக்கென்றது. விழுங்கிக்கொண்டார். காரியம் ஆகவேண்டியவன் கோபப்பட்டால் எதிராளி விலையை ஏற்றுவான்.

"எனக்கு எல்லாம் தெரியுது, தாயி. சுக்குன்னா சுக்கு. நன்னாரின்னா நன்னாரி. ஆனா…"

"ஆனா?"

"முன்னெல்லாம் மணம் வரும். இப்ப யாரோ வந்து சொல்லிட்டுப் போற மாதிரி இருக்கு."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு எதை முகர்ந்தீங்க?"

"நன்னாரி மூட்டை. கீழே வைத்தியர் வீட்டுக்குப் போகுது. பிள்ளைங்களுக்குக் காய்ச்சிக் குடுப்பாரு. சரின்னு சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன். உச்சிப்பொழுதுக்கு ஜீப் கிளம்பும்."

"அதே மாதிரி இன்னொரு வேர் இருக்குமே இந்த மலையில."

"இருக்கு. பார்த்தா தெரியாது. மணத்துல ஒரு மயிரிழைதான் வித்தியாசம். குடிச்சா குடல் வெந்துடும். அந்த மயிரிழைக்குத்தான் எனக்குக் கூலியே."

அவள் அவர் மூக்கையே பார்த்தாள்.

"ஒரு கண்ணை வேணும்னா எடுத்துக்கட்டும். மூக்கை விட்டுடச் சொல்லு."

"யார்கிட்ட?"

"உனக்குத் தெரிஞ்சவன்கிட்ட."

"நான் கடை வைக்கலை, தரகரே" என்று எழுந்து நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

சரிவு முழுக்கத் தினைக்கொல்லை. பனி இன்னும் கலையவில்லை. காவல் பரண்களின் கால்கள் மட்டும் அங்கங்கே தெரிந்தன. மேலே கிளிக்கூட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கவில்லை.

பனிக்குள்ளிருந்து கிளி விரட்டும் குரல்கள் கேட்டன. ஒன்று ஓய்ந்ததும் அடுத்தது.

"எத்தனை பேர்?" என்றாள்.

சடையப்பன் காது கொடுத்தார். ஒரு குரலில் கரகரப்பு. ஒன்று மூக்கால் இழுத்தது. ஒன்று விடலைக் குரல், பாதியில் உடைந்தது.

"ஏழு. அண்ணன் தம்பிங்களா இருக்கும். எல்லாத்துலயும் ஒரே வீட்டுச் சாயல்."

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

முதல் பரணுக்குக் கீழே நின்றார். தலைக்கு மேலே கரகரத்த குரல் கூவியது.

"ஏம்ப்பா, கொஞ்சம் எட்டிப் பாரு."

தலை எதுவும் தெரியவில்லை. ஏணியில் ஏறினார்.

பரணில் ஆள் இல்லை. ஒரு கம்பளி மட்கிக் கிடந்தது. அதைத் துளைத்துக்கொண்டு புல் முளைத்திருந்தது.

காதோரத்தில் அந்தக் குரல் மறுபடி கூவியது.

இறங்கினாரா விழுந்தாரா என்று அவருக்கே தெரியாது. அடுத்த பரணுக்கு ஓடினார். அங்கும் குரல் இருந்தது, ஆள் இல்லை. அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

கடைசிப் பரணில் ஒருவன் இருந்தான். இருசன் என்று பேர் சொன்னான். எதிர்ப் பாறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"மத்தவங்க எங்கே?"

"போயிட்டாங்க சாமி. எங்க அப்பனுக்கு வந்த நோவுதான். வரிசையா எல்லாருக்கும் வந்துச்சு."

"குரல் வருதே."

"நான்தான். குரலை அந்தப் பாறையில அடிச்சா எந்தப் பரணுக்கு வேணுமோ அங்க போய் விழும். எங்க வழக்கம் அது. ஒருத்தன் செத்தா பக்கத்துப் பரண்காரன் அவன் கூப்பாட்டை எடுத்துக்கணும். எடுத்த பிறகுதான் அழணும். சாவு விழுந்தது கிளிக்குத் தெரியக் கூடாது."

கைகளை வாயில் குவித்துக்கொண்டு கூவினான். கீழ்ச்சரிவில் விடலைக் குரல் எழுந்து பாதியில் உடைந்தது.

"கடைசித் தம்பி" என்றான், ஆளை அறிமுகம் செய்வதுபோல.

சடையப்பன் கொல்லையைப் பார்த்தார். பக்கத்துக் கதிர்கள் முழுசாக நின்றன. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஏழு பேர் வேலைக்கு ஒருத்தன் போதுமென்றால் இது நல்ல வியாபாரம்தானே?

"அப்ப ஒரு குறையும் இல்லைன்னு சொல்லு."

இருசன் அவரை ஒரு மாதிரி பார்த்தான்.

"ஏழு பேர் வாய் எங்கிட்ட இருக்கு சாமி. ஏழு பேர் கண்ணு இல்லையே. தம்பி பரணுக்குக் கீழே இப்ப என்ன மேயுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"யாராவது கேட்டா?"

"சொல்லுவேன். 'ஒண்ணுமில்லே'ன்னு அவன் குரல்லயே சொல்லுவேன்."

சடையப்பன் குருவிடம் திரும்பவில்லை. கொல்லைக்குக் குறுக்கே இறங்கி ஓடினார். பின்னால் ஏழு குரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

ஜீப்பில் ஏற்றி முடித்திருந்தார்கள். டிரைவர் தாவூது கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"நன்னாரி மூட்டையை அவிழு" என்றார்.

தாவூது அவிழ்த்தான். சடையப்பன் மூட்டைக்குள் முகத்தைப் புதைத்தார்.

நன்னாரி என்று வந்தது. கேட்ட மாத்திரத்தில் வந்தது. ஒரு தயக்கமும் இல்லை, இருசன் தம்பி குரலில் சொல்லும் 'ஒண்ணுமில்லே' போல.

முகத்தை எடுத்தபோது உதடு வெளுத்திருந்தது.

"இறக்கிடு. போக வேண்டாம்."

"என்னண்ணே விளையாடுறீங்க? காலையில நீங்கதானே சரின்னு சொன்னீங்க?"

"குரல் என்னோடதுதான்" என்றார் சடையப்பன். "இறக்கு."