நல்லக்காளின் கம்பளி

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். முடிவில் வாயைத் திறக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தாள் நல்லக்காள். ஓர் ஓலைக்குடில், ஒரே ஒரு கம்பளி. கிடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அஞ்சி வந்தவருக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டால் பேர் கேட்கக் கூடாது. போர்த்திய கை அதை உருவவும் கூடாது.

அடைமழை நாளொன்றின் காலையில் தவசி ஓடிவந்து அவள் காலடியில் விழுந்தான். போன கோடையில் கருகிய பயிருக்காகப் பாளையக்காரரின் ஏரி மதகைத் திறந்துவிட்டவன். பிடிபட்டால் தலை போகும். அவனுடைய இடது காது பாதி அறுந்திருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல், குட்டிகள் படுத்திருந்த மூலையில் அவனைக் கிடத்திப் போர்த்திவிட்டாள்.

உச்சிவேளையில் காவல்வீரன் பிச்சைக்கண்ணு வந்தான். காட்டோடை வெள்ளத்தில் விழுந்து எழுந்து வந்திருந்தான்.

"காது அறுந்தவன் இந்தப் பக்கம் வந்தானா அக்கா?" என்று கேட்கும்போதே அவனுக்குப் பல் கிட்டியது. அப்படியே சரிந்தான். "குளிருதுக்கா. காப்பாத்து."

விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. கம்பளியை எடுத்தால் தவசி போவான். எடுக்காவிட்டால் இவன் போவான். 'இவன் விறைத்துப்போனால் நல்லதுதானே' என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். நினைத்ததற்காக வெட்கி, அவன் உள்ளங்காலைப் பிடித்துத் தேய்த்தாள். சூடு ஏறவில்லை.

குட்டிகள் விலகின. தவசி எழுந்து வந்து, தன்மேல் கிடந்த கம்பளியை வீரன்மேல் போர்த்திவிட்டு அருகிலேயே உட்கார்ந்தான். ஓடவில்லை.

வெகுநேரம் கழித்துப் பிச்சைக்கண்ணு கண்விழித்தான். அந்தக் காதைப் பார்த்தான். பிறகு கம்பளியின் ஓரத்தைத் தூக்கினான்.

"நடுங்குறியே. உள்ள வா."

பேர் கேட்கவில்லை.

சொல்லுங்கள்: இந்த மூவரில் பெரிய அடைக்கலம் தந்தவர் யார்?

விடை: தவசிதான். நல்லக்காளுக்கு வழக்கம் துணை நின்றது. பிச்சைக்கண்ணு பெற்றதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தான். தவசிக்கு இருந்த காப்பு அந்த இரவல் கம்பளி ஒன்றுதான். அதைத் தன்னைப் பிடிக்க வந்தவனுக்கே கொடுத்தான். நல்லக்காளும் இதையே சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அடுத்த கம்பளியை இரண்டு பேர் படுக்கும் அகலத்துக்கு நெய்யச் சொல்லி வாங்கினாள்.